வெள்ளம் புகுந்த வீடு: குடியிருக்க முடியாத மாதத்துக்கும் வாடகை கேட்கிறார் ஓனர், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

கீழ்த்தளக் குடித்தனம் எழுதியது:

வணக்கம். சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, என் அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. நாங்கள் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டோம், இன்னும் அங்கேதான் இருக்கிறோம். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் வீடு முழுக்கச் சேறு. செப்டிக் டேங்க் நிரம்பி, பாத்ரூம் வழியாகக் கழிவு எதிர்த்து வந்திருக்கிறது. சுவரெல்லாம் ஓதம். சுவிட்ச் போர்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. சம்ப்பில் இருப்பது தண்ணீரா சாக்கடையா என்றே தெரியவில்லை. ஆஸ்துமா இருக்கும் அம்மாவை இந்த வீட்டுக்குள் எப்படிக் கூட்டிவருவது?

ஓனர் வேறு ஊரில் இருக்கிறார். போன் செய்தால் "இயற்கை பண்ணினதுக்கு நான் என்ன செய்ய, எல்லாருக்கும்தான் வந்தது, சுத்தம் பண்ணி இருந்துக்கோங்க" என்கிறார். டிசம்பர் வாடகை 14,000 முழுசாக வேண்டுமாம். காலி செய்கிறேன் என்றேன். அதற்கு, ஒப்பந்தத்தில் 2 மாத நோட்டீஸ் என்று இருக்கிறது, அந்த 2 மாத வாடகையையும் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையையும் 1 லட்சம் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்கிறார். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதியது, பதிவு செய்யவில்லை. குடியிருக்கவே முடியாத வீட்டுக்கு நான் ஏன் வாடகை தர வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ரொம்ப மன உளைச்சலாக இருக்கிறது.


முன்சீப் கோர்ட் வாசல் எழுதியது:

சார், சிவில் வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அது தானாக வேலை செய்யாது, எழுத்தில் கேட்டால்தான் வேலை செய்யும். வெள்ளத்துக்கு அப்புறம் வருகிற வாடகைத் தகராறுகளில் பாதிக்கு மேல் குடித்தனக்காரர் தோற்பது எல்லாவற்றையும் போனில் பேசி முடித்துக்கொள்வதால்தான் என்பது என் கருத்து.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத விஷயம். வெள்ளம் வந்தால் வாடகை தானாக நின்றுவிடும் என்று நம் மாநிலச் சட்டத்தில் இல்லை. மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தில், இயற்கைப் பேரிடரால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் சரிசெய்து கொடுக்கும்வரை வாடகை வாங்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அதுதான். அது மாதிரிச் சட்டம், மாநிலம் தன் சட்டமாக இயற்றினால்தான் செல்லும். நமக்குப் பொருந்துவது 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம். பழைய 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் அதன் இடத்தில் வந்தது இது.

"ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போய்விட்டது, அதனால் ரத்து" என்ற வாதமும் எடுபடாது. ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவு வாடகை, குத்தகைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லிவிட்டது. அது தேசப் பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட நிலத்தின் குத்தகை வழக்கு. நிலத்துக்குப் போகவே முடியாத நிலையில், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்கே கிடைக்கவில்லை. 1882ஆம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் தீ, புயல், வெள்ளம் என்று பெயர் சொல்லியே ஒரு விதி உண்டு. வீட்டின் முக்கியமான பகுதி முழுதாக அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, குடியிருப்பவர் விரும்பினால் குத்தகையை இல்லாததாக்கலாம். அதில் "நிரந்தரமாக" என்ற சொல் இருப்பதுதான் உங்களுக்குத் தடை. ஓதமும் வயரிங்கும் சரிசெய்யக்கூடியவைதானே என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

சரி, உங்களுக்குக் கைகொடுப்பது 2017 சட்டத்தின் 15ஆம் பிரிவு. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் உரிமையாளர் தலையில். சுவிட்ச், பிளக், குழாய் வாஷர், வடிகால் அடைப்பு, வாஷ்பேசின், கதவுப் பூட்டு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் தலையில். ஆக வயரிங் முழுக்கத் தண்ணீர் குடித்து ஷாக் அடிக்கிறது என்றால் அது ஓனர் வேலை, "சுத்தம் பண்ணி இருந்துக்கோங்க" என்று தள்ளிவிட முடியாது.

அவர் செய்ய மறுத்தால் உங்களுக்கு இரண்டு வழி. நீங்களே செய்து, செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்கள் கணக்கில் மாதம் 7,000 வரைதான், ஆகவே 30,000 செலவு செய்தால் அது கழிய நாலு மாதத்துக்கு மேல் ஆகும். காலி செய்யப்போகிறவருக்கு இது உதவாது. இரண்டாவது வழி, வீடு பழுதுபார்க்காமல் குடியிருக்கத் தகுதியில்லாமல் கிடந்து, நீங்கள் எழுத்தில் கேட்டும் அவர் செய்ய மறுத்தால், 15 நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் போகும் உரிமை. கவனியுங்கள், இதில் இரண்டு கடிதம் இருக்கிறது. ஒன்று பழுதுபார்க்கச் சொல்லி, அதற்கு அவர் மசியாதபோது இன்னொன்று போகிறேன் என்று. முதல் கடிதம் இல்லாமல் இரண்டாவதை மட்டும் கொடுத்தால் "என்னிடம் கேட்கவே இல்லையே, கேட்டிருந்தால் செய்திருப்பேன்" என்பார். ஒப்பந்தத்தில் உள்ள 2 மாத நோட்டீஸ் நீங்கள் உங்கள் வசதிக்காகக் காலி செய்யும்போது பொருந்துவது, இது சட்டம் தரும் தனி உரிமை என்பதுதான் உங்கள் வாதமாக இருக்க வேண்டும்.

அதுவரை வாடகையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தாதீர்கள். இரண்டு மாத வாடகைப் பாக்கி என்பது வெளியேற்றக் கேட்க அவருக்கு உள்ள காரணங்களில் ஒன்று, அதை நீங்களாகக் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் இருந்த நாட்களுக்கு உரியதை வங்கி மூலம் அனுப்பி, மீதிக்கு ஏன் தர மறுக்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள்.


வேளச்சேரி 2015 எழுதியது:

வக்கீல் சார் சொன்னதோடு நடைமுறையில் சிலது சேர்க்கிறேன். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் கீழ்த்தளத்துக் குடித்தனங்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

சேறு அள்ளுவதற்கு முன் வீடியோ எடுங்கள். நிறையப் பேர் முதலில் கழுவி விட்டுவிட்டு அப்புறம் ஆதாரம் தேடுகிறார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கோடு இருக்குமே, அதற்குப் பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். மீட்டர் பெட்டி, சுவிட்ச் போர்டு, பாத்ரூம் கோப்பை, சம்ப்புக்குள், கதவு உப்பிப்போய்ச் சாத்த முடியாமல் இருப்பது, எல்லாம் தனித்தனியாக. நீங்கள் குடிவந்தபோது எடுத்த படங்கள் பழைய போனிலோ உறவுக்காரர் வாட்ஸ்அப்பிலோ கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள். பையன் பிறந்தநாள் படத்தில் பின்னால் தெரியும் சுவர் கூட உதவும்.

மெயினைப் போடவே போடாதீர்கள். ஓனர் சொல்கிறார் என்று நீங்களே ஃபியூஸ் கட்டையைச் சொருகிப் பார்க்க வேண்டாம், உயிர் போகிற விஷயம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சோதித்து, இந்த வயரிங்கில் மின்சாரம் கொடுப்பது பாதுகாப்பில்லை என்று அவர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இருந்தால் "குடியிருக்கத் தகுதியில்லை" என்பது உங்கள் வாய்ப்பேச்சு மட்டும் இல்லை என்றாகிவிடும். அம்மாவுக்கு ஆஸ்துமா என்றால் டாக்டரிடமும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொன்று, சாவி. சாமானை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தால் நீங்கள் காலி செய்யவில்லை என்றுதான் அர்த்தம். மாசா மாசம் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் அட்வான்ஸ் வந்தால்தான் சாவி என்று பிடிவாதமாக வைத்திருந்தார், ஓனர் நிதானமாக அத்தனை மாத வாடகையையும் அட்வான்ஸிலேயே கழித்துவிட்டார். சாவியைக் கொடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால் சாவி தயாராக இருக்கிறது, இன்ன தேதியில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

இந்த 2023 மிக்ஜாம் புயலுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் உங்கள் தாம்பரம் வட்டமும் இருக்கிறது. அது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, வீட்டுச் சொந்தக்காரருக்கு இல்லை. சில ஓனர்கள் அதை வாடகையில் சேர்த்துக் கேட்கிறார்களாம். கொடுக்காதீர்கள்.


மாடிவீட்டு அம்மா எழுதியது:

ஓனர் தரப்பில் இருந்து யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பெருங்குடி பக்கம் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் கணவர் ரிடையர் ஆனவர், பென்ஷன் கிடையாது, அந்த வாடகையில்தான் வீட்டுக் கடன் தவணையே போகிறது. தண்ணீர் வந்தபோது எங்களுக்கும் நஷ்டம்தான். செப்டிக் டேங்க் லாரிக்கு அந்த வாரத்தில் கேட்ட விலை சாதாரண நாளைவிட எத்தனையோ மடங்கு. எல்லா ஓனரும் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம்.

அதே சமயம் தம்பி, உங்கள் ஓனர் செய்வது சரியில்லை. கரண்ட் இல்லாத, கழிவு எதிர்த்து நிற்கிற வீட்டுக்கு முழு வாடகை கேட்க எப்படி மனசு வருகிறது? நாங்கள் என்ன செய்தோம் என்றால், கரண்ட் திரும்ப வரும்வரை வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், வயரிங்கும் சம்ப் கழுவுவதும் எங்கள் செலவு, சேறு அள்ளியது அவர்கள். ஓதம் காய மாசக்கணக்கில் ஆகும், ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும், ஆகவே பெயிண்டிங் இப்போது வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். வருஷக்கணக்காக இருக்கும் நல்ல குடித்தனத்தை ஒரு மாச வாடகைக்காக அனுப்பிவிட்டு, வெள்ளம் வந்த வீடு என்று பெயர் எடுத்த கீழ்த்தளத்துக்கு ஆள் தேடி அலைவது யாருக்கு லாபம்?

ஒன்று மட்டும் சொல்வேன். போன ஃபிரிட்ஜ், மெத்தை, பைக் எல்லாவற்றுக்கும் ஓனர் பணம் தர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது நியாயம் இல்லை.


முன்சீப் கோர்ட் வாசல் எழுதியது:

அம்மா சொன்னது சட்டப்படியும் சரிதான். வெள்ளத்தில் போன சாமானுக்கு ஓனர் பொறுப்பில்லை, அதற்கு வீட்டுச் சாமான் காப்பீடு எடுத்திருந்தால்தான் வழி. வாடகைக்கு இருப்பவரும் அதை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. 2015இல் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, அதைக் குடிவரும்போது உங்களிடம் சொன்னாரா? வீட்டில் உள்ள முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்து, வருகிறவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதே 108ஆம் பிரிவு உரிமையாளருக்கு வைத்திருக்கும் கடமை. முடிச்சூரில் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியுமே, விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவர் சொல்லத்தான் செய்வார். இருந்தாலும் நீங்கள் கேட்டு, அவர் "வந்ததே இல்லை" என்று பதில் சொன்னதற்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம். தேடிப் பாருங்கள்.


கீழ்த்தளக் குடித்தனம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாட்ஸ்அப்பில் தேடினேன். குடிவருவதற்கு முன் "மழைக்குத் தண்ணி நிக்குமா சார்" என்று கேட்டதற்கு "தெருவில் நிக்கும், வீட்டுக்குள் வராது" என்று பதில் போட்டிருக்கிறார். எதிர்வீட்டுத் தாத்தா 2015இல் இதே வீட்டில் ஜன்னல் வரை நின்றது என்கிறார்.

இரண்டு சந்தேகம். ஒப்பந்தம் பதிவு செய்யாததால் நான் எங்கேயும் போக முடியாதா? அப்புறம் அந்த முதல் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? வக்கீல் வைக்க இப்போது கையில் பணம் இல்லை. மேடம் சொன்ன மாதிரி பேசி முடிக்கவும் தயார்தான், ஆனால் அவர் போனையே எடுப்பதில்லை.


முன்சீப் கோர்ட் வாசல் எழுதியது:

அந்த வாட்ஸ்அப் பதில் நல்ல ஆதாரம், போனை மாற்றிவிடாதீர்கள், உரையாடலை அப்படியே ஏற்றுமதி செய்து மெயிலில் ஒரு பிரதி வையுங்கள். தாத்தாவிடம் அன்பாகப் பேசி வையுங்கள்.

பதிவு பற்றி: புதிய சட்டப்படி 11 மாதமோ 11 வருடமோ, எழுதிய ஒப்பந்தத்தை, இந்தச் சட்டத்துக்கென நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதில் சிக்கல் வரும், உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கல் அவருக்கும் சேர்த்துத்தான். 2 மாத நோட்டீஸ், ஒரு மாதப் பெயிண்டிங் என்று அவர் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே தாளைத்தானே? பெயிண்டிங் அட்டவணைப்படி அவர் பொறுப்பு என்று ஏற்கெனவே சொன்னேன். நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பதால் அதில் கொஞ்சம் வாதாட வேண்டிவரும், பேரம் பேசும்போது விட்டுக்கொடுக்க உங்களிடம் ஏதாவது வேண்டுமென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருந்ததற்கும் அட்வான்ஸ் கொடுத்ததற்கும் வங்கிப் பரிமாற்றமே போதுமான தடம். காலி செய்து ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. பாக்கி என்றால் உண்மையான பாக்கி, அவர் நினைத்த தொகை இல்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றீர்கள். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. பெண்களுக்கும் அந்தப் பட்டியலில் தனியாக இடமுண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனு கொடுங்கள், 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். போனை எடுக்காத ஓனர்கள் அங்கிருந்து கடிதம் போனால் வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கடிதம் எளிமையாக இருக்கட்டும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இந்த மாதிரி எழுதுங்கள்:

"தங்களது வீட்டின் கீழ்த்தளத்தில் மாதம் ரூ.14,000 வாடகையில் குடியிருந்து வருகிறேன். 4.12.2023 அன்று வெள்ளம் புகுந்ததில் மின் வயரிங் முழுதும் சேதமடைந்துள்ளது. கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வந்துள்ளது. சம்ப் நீர் பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளது. மின் பணியாளரின் சான்றும் புகைப்படங்களும் இணைத்துள்ளேன். இந்நிலையில் வீடு குடியிருக்கத் தகுதியற்றதாக உள்ளது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மற்றும் இரண்டாம் அட்டவணைப்படி தாங்கள் செய்ய வேண்டிய மேற்கண்ட பழுதுகளை இக்கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்துக்குள் பதிலோ பணியோ இல்லையெனில் தாங்கள் மறுத்ததாகக் கருதி மேல் நடவடிக்கை எடுப்பேன். வீடு குடியிருக்கத் தகுதியானதாகும்வரை உள்ள நாட்களுக்கு வாடகை கோர வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறேன்."

ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். போனை எடுக்காதவரும் அதைப் படித்தால் நீலக் குறி விழலாம். கெடு முடிந்தால் 15 நாள் நோட்டீஸ், அப்புறம் சாவி. அதற்கும் அட்வான்ஸ் வரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு.


கீழ்த்தளக் குடித்தனம் எழுதியது:

இப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லாமல்தான் திண்டாடினேன். நாளைக்குக் காலையில் எலக்ட்ரீஷியன் வருகிறார், அவரிடம் தாள் வாங்கிக்கொண்டு அப்படியே தபால் ஆபீஸ் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும், வீடு என் பெயரில் வாடகைக்கு எடுத்தது, அட்வான்ஸ் மனைவி கணக்கில் இருந்து போனது. கடிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?


முன்சீப் கோர்ட் வாசல் எழுதியது:

இரண்டு பேருமே போடுங்கள். அட்வான்ஸ் தொகை, எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் இருந்து போனது என்பதையும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுப்பதாக இருந்தாலும் இரண்டு பேர் பெயரிலும் கொடுக்கலாம்.